வீட்டில் கார் பழுது பார்க்க எந்தக் கருவிகளை வாங்கலாம்? கேள்வி பதில்

கேள்வி: எண்ணெய் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது போன்ற வேலைகளை நானே செய்ய விரும்புகிறேன். 200 உருப்படிகள் கொண்ட கருவிப் பெட்டியை வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். அத்தகைய பெட்டிகளில் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுபவை பெரும்பாலும் சிறு ஸ்க்ரூடிரைவர் முனைகள்தான். காரில் அடிக்கடி கைபடும் நட், போல்ட் எல்லாம் ஏறக்குறைய 8, 10, 12, 13, 14, 16, 17, 19 மி.மீ. அளவுகளுக்குள் அடங்கிவிடும். ஜப்பானியக் கார்களில் 12, 14 அதிகம் தென்படும். ஐரோப்பியக் கார்களில் 13, 16 தென்படும். ஆகவே இந்த அளவுகளில் ஒரு நல்ல சாக்கெட் செட்டும் (நட், போல்ட் தலைமேல் கவிழ்த்துப் பொருத்துபவை) அவற்றைத் திருப்பும் கைப்பிடியான ராட்செட்டும் ரிங் ஸ்பேனர்களும் வாங்கிவிட்டு, மற்றவற்றை வேலை வரும்போது ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். 10 மி.மீ. சாக்கெட்டை மட்டும் இரண்டாக வாங்குங்கள். என்ஜின் இடுக்கில் விழுந்து மறைவதில் அதற்கு இணை கிடையாது.

கேள்வி: சாக்கெட்டில் ஆறு முனை நல்லதா, பன்னிரண்டு முனை நல்லதா?

பதில்: ஆறு முனைதான். அது போல்ட் தலையின் தட்டையான பக்கங்களில் அழுத்தும். பன்னிரண்டு முனை சாக்கெட் மூலைகளுக்கு அருகில் அழுத்துவதால், துருப்பிடித்த போல்ட்டில் பலமாகத் திருப்பும்போது மூலைகள் மழுங்கிவிடும்.

கேள்வி: காருடன் வந்த ஜாக்கியை வைத்தே அடியில் போய் வேலை பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அந்த ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே தரப்பட்டது. ஹைட்ராலிக் ஜாக்கியானாலும் அது தூக்குவதற்கான கருவியே தவிர, தாங்கி நிற்பதற்கானதன்று. உள்ளே இருக்கும் சீல் கசிந்தால் கார் இறங்கிவிடும். காரைத் தூக்கிய உடனே, போதுமான டன் திறன் எழுதப்பட்ட இரண்டு ஸ்டாண்டுகளை (காரின் எடையைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்கள்) கையேட்டில் காட்டியுள்ள இடங்களில் நிறுத்தி, எடையை அவற்றின்மேல் இறக்குங்கள். தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். பிறகு காரைக் கையால் நன்றாக அசைத்துப் பார்த்து, அது ஆடவில்லை என்று தெரிந்த பின்னரே உள்ளே தலையை நீட்டுங்கள். ஸ்டாண்டுக்குப் பதிலாகச் செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கும். செலவைக் குறைக்க வேறு இடம் தேடுங்கள்.

கேள்வி: டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு முறுக்கம் வந்ததும் உணர்த்தும் கருவி) அவசியமா? கைப்பழக்கம் போதாதா?

பதில்: சக்கர நட்டுகளுக்குப் பல கார்களில் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டிய முறுக்கம் தேவைப்படும், ஸ்பார்க் பிளக்குக்கு அதில் கால் பங்கு அளவே போதும். என்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டில் பிளக்கைக் கூடுதலாக முறுக்கி மரையைக் கெடுத்தால், அதைச் சரிசெய்யும் செலவு ரெஞ்சின் விலையைத் தாண்டிவிடும். உங்கள் காருக்கு உரிய எண்ணைக் கையேட்டில் பாருங்கள். ஒவ்வொரு ரெஞ்சும் தன் அளவெல்லையின் அடிப்பகுதியில் துல்லியம் குறைந்தது என்பதால், இரண்டு வேலைக்கும் ஒன்றே போதும் என்று எண்ண வேண்டாம். 'கிளிக்' என்று ஒருமுறை கேட்டதும் நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பி வையுங்கள். இறுகிய நட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: பழைய கருவிகளை வாங்கலாமா?

பதில்: ஸ்பேனர், சாக்கெட், சுத்தியல் ஆகியவற்றைத் தாராளமாக வாங்கலாம், ஸ்பேனரின் வாய் விரிந்திருக்கிறதா என்று மட்டும் ஒரு புதிய நட்டில் பொருத்திப் பாருங்கள். ஜாக்கி, ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச் மூன்றையும் புதிதாகவே வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறைகூடத் தேவைப்படாத பேரிங் புல்லர் (பேரிங்கை இழுத்துக் கழற்றும் கருவி) போன்றவற்றை வாடகைக்கு எடுப்பதே சிக்கனம்.

கேள்வி: காரின் கணினியில் பதிவாகும் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் வாங்கினால் கோளாறு என்னவென்று அதுவே சொல்லிவிடுமா?

பதில்: எங்கே தேட வேண்டும் என்று சொல்லும், எதை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. பி0301 என்று வந்தால், முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று மட்டுமே பொருள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) உள்ள கார் என்றால், அந்தக் காயிலை இரண்டாம் சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றிப் பொருத்தி, பழைய குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0302 என்று மாறி வந்தால் காயில்தான் கெட்டிருக்கிறது; பி0301 என்றே மீண்டும் வந்தால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் என்று அடுத்தடுத்துச் சோதிக்க வேண்டும்.