வாடகை வீடு: அட்வான்ஸ், ஓதம், சப்-மீட்டர், லீஸ் – கேள்வி பதில்

கேள்வி (வேளச்சேரி): பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார் சார். மூன்று மாதம்தானே சட்டம்?

பதில்: சட்டம் அப்படித்தான் சொல்கிறது, ஆனால் ஓட்டையும் அதிலேயே இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் மூன்று மாதம் என்ற வரம்போடு, ‘ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால்’ என்ற விலக்கும் உண்டு. பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் போச்சு. பேரமெல்லாம் அதற்கு முன்னால்தான். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் திரும்ப வரவேண்டும். வெள்ளையடிப்பு பொதுவாக ஓனர் செலவு. ஒப்பந்தத்தில் அதை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மடிப்பாக்கம்): சுவரில் ஓதம், காரை உதிர்கிறது. ஜன்னலை நாங்கள் திறப்பதில்லை, அதனால்தான் என்கிறார் ஓனர்.

பதில்: சோதித்துவிடலாம். உதிரும் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, ஓரடிக்கு ஓரடி பாலித்தீன் தாளை வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறைப் பக்கம் நீர் கோத்தால் ஓனர் சொல்வது சரி; தாளுக்குப் பின்னால் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

அடுத்து இடத்தைப் பாருங்கள். தரையிலிருந்து மூன்றடி உயரம்வரை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அஸ்திவார ஈரம். மழை பெய்ததும் மேல்பக்கம் கறை பெரிதானால் மொட்டைமாடி. மே மாத வெயிலிலும் காயவில்லையா? அநேகமாக மாடி வீட்டு பாத்ரூம் பைப். ஈரத்தை நிறுத்தாமல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் உள்ளே இருக்கும் உப்பு அதையும் தள்ளிவிடும், ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

கட்டட ரிப்பேர், பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் உங்களுடையது. தேதியுடன் போட்டோ எடுத்து, பதிவுத் தபாலில் கேளுங்கள். மறுத்தால் நீங்களே வேலையை முடித்து வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக்கூடாது. கொத்தனாரின் எஸ்டிமேட்டையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி (அம்பத்தூர்): சப்-மீட்டரில் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார்.

பதில்: மின்வாரிய பில்லைக் கேளுங்கள். மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்தால் அவருக்கு ஆன சராசரி தெரியும். அப்படியே உங்கள் மெயினை அணைத்துவிட்டு சப்-மீட்டரைப் பாருங்கள். அப்போதும் ஓடினால் மோட்டாரோ மாடிப்படி விளக்கோ உங்கள் கணக்கில் எரிகிறது. இது சர்வசாதாரணம்.

கேள்வி (ஆவடி): வாடகைத் தகராறில் தண்ணீரை நிறுத்திவிட்டார்.

பதில்: பாக்கியே இருந்தாலும் நிறுத்தக்கூடாது. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். இடைக்கால உத்தரவு வாங்கலாம்.

கேள்வி (தாம்பரம்): எட்டு லட்சத்துக்கு லீஸ், மாத வாடகை கிடையாது. போகலாமா அண்ணா?

பதில்: முதலில் வில்லங்கச் சான்று எடுங்கள். வங்கியில் பத்திரம் வைத்துக் கடன் வாங்கிய பதிவு இருந்தால் ஒதுங்கிவிடுங்கள் தம்பி. வீடு ஏலத்துக்குப் போனால் வங்கிக்குப் போக மிச்சம்தான் உங்களுக்கு. வில்லங்கம் இல்லை என்றாலும் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி வாங்குவது போதாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு ஆகும் செலவை யார் கொடுப்பது என்பதை டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.