டிஃப்யூசருக்குள் காற்று ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: கல்லூரி ப்ராஜெக்டுக்காகப் பிளைவுட்டில் சிறிய விண்ட் டனல் (காற்றோட்டத்தைச் சோதிக்கும் குழாய்) செய்திருக்கிறோம். சோதனைப் பகுதி 30 செ.மீ. சதுரம். அங்கிருந்து 60 செ.மீ. சதுரமாக விரியும் டிஃப்யூசர், அதன் கடைசியில் உறிஞ்சு விசிறி. டிஃப்யூசரின் நீளமும் 60 செ.மீ.தான். சிமுலேஷனில் காற்று சுவரை ஒட்டியே அழகாகப் போகிறது. நிஜத்தில் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. விசிறியில் கோளாறா?

பதில்: விசிறியைக் கழற்றாதீர்கள். முதலில் ஒரு தையல் நூல்கண்டு வாங்குங்கள். 3 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, ஒரு முனையை மட்டும் டிஃப்யூசரின் நான்கு உள்சுவர்களிலும் வரிசை வரிசையாக செலோடேப்பால் ஒட்டுங்கள். விசிறியை ஓட்டிவிட்டு, சோதனைப் பகுதி ஜன்னல் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். காற்று ஒட்டிப் போகும் இடத்தில் நூல் விசிறிப் பக்கம் நீட்டி நிற்கும். எந்த வரிசையில் துள்ளத் தொடங்கி, அப்புறம் உங்களை நோக்கியே திரும்புகிறதோ, அங்கே ஓட்டம் சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது. உங்கள் அளவுகளைப் பார்த்தால் அது நுழைவாயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

காற்று வேகமாகப் போவதால்தான் பிரிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. குழாய் விரிய விரிய வேகம் குறைந்து அழுத்தம் ஏறுகிறது. நடுவில் வரும் காற்று அந்த அழுத்த மேட்டை ஏறிவிடும். சுவரை உரசி வரும் மெல்லிய அடுக்கு ஏற்கெனவே களைத்துப்போனது. மேடு செங்குத்தானால் நின்றுவிடும், பிறகு பின்னால் சரியும். 1904-ல் ஹைடல்பெர்க் கணித மாநாட்டில் ஜெர்மன் விஞ்ஞானி லுட்விக் பிராண்டல் விளக்கியது இதைத்தான். வேகம் ஒரே சீராகக் குறைந்துகொண்டே போகும் ஓட்டத்தில், லாமினார் அடுக்கு, அதாவது கலங்காமல் சீராகப் போகும் அடுக்கு, வெளியே போகும் காற்றின் வேகம் 12 சதவீதம் குறைந்ததுமே பிரிந்துவிடும். உங்கள் டிஃப்யூசரில் பரப்பு நான்கு மடங்காகிறது, அதாவது 75 சதவீதக் குறைப்பைக் கேட்கிறீர்கள்! கொந்தளிப்பான அடுக்கு கூடுதலாகத் தாங்கும்தான், ஆனால் இவ்வளவு குறுகிய தூரத்தில் தாங்காது.

சரி, சிமுலேஷன் ஏன் பொய் சொன்னது? கொந்தளிப்பைக் கணக்கிட நீங்கள் கே-எப்சிலான் மாடலை வைத்திருப்பீர்கள் என்பது என் ஊகம். பிரிவைத் தாமதமாகக் காட்டுவதில் அது பேர்போனது. 1994-ல் மென்டர் வெளியிட்ட எஸ்.எஸ்.டி. மாடலுக்கு மாறி, சுவரை ஒட்டிய முதல் செல்லின் (கணக்குக் கட்டத்தின்) ஒய்-ப்ளஸ் மதிப்பை, அதாவது அது சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைக் காட்டும் அலகில்லா எண்ணை, 1-க்கு அருகில் வையுங்கள். நான்கு பக்கமும் ஒரே மாதிரிதானே என்று, நேரம் மிச்சப்படுத்தக் கால்வாசி வடிவத்தை மட்டும் ஓட்டியிருந்தால், அதையும் கைவிட்டு முழு வடிவத்தை ஓட்டுங்கள். நிஜத்தில் பிரிவு ஒரு பக்கச் சுவரில் வந்து, இன்னொரு பக்கம் தாவும். உங்கள் வேகம் ஏறி இறங்குவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே இப்போது 28 டிகிரி இருக்கிறது. இதை 7 டிகிரிக்குள் வையுங்கள். அதே 60 செ.மீ. வாய் வேண்டுமென்றால் நீளம் சுமார் 2.45 மீட்டர் ஆகும். உங்கள் லேபில் இடம் இருக்காது. வாயை 45 செ.மீ. ஆக்கி அதற்கேற்ற விசிறி போட்டால் 1.25 மீட்டர் போதும். மூலைகளில் முக்கோணக் கட்டை வைத்து மழுக்கிவிடுங்கள், பிரிவு பெரும்பாலும் அங்கேதான் முதலில் தலைகாட்டும்.