மலைப் பள்ளத்தாக்கில் ஆலங்கட்டி மழை: பதிவு இல்லையென்றால் ஆபத்தும் இல்லையா?

பெரிய ஆலங்கட்டி மழை பெய்ததாகப் பதிவே இல்லாத பள்ளத்தாக்கில் பயமில்லாமல் இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பதிவை மட்டும் நம்பாதீர்கள். மழைமேகங்களைக் கண்டறியும் ரேடாரின் கதிரை மலைகள் மறைத்துவிடும். ஆளில்லாத சரிவில் விழுந்த ஆலங்கட்டிக் கல்லை யார் எழுதி வைப்பார்கள்?

வெயிலில் சரிவுகள் சூடேற, ஈரக்காற்று மேலே ஏறிப் பிற்பகலில் இடிமேகமாகத் திரளும். உள்ளே கடுங்குளிரிலும் உறையாத நீர்த்துளிகள் பனிக்கருவில் ஒட்டி ஒட்டிக் கல்லாக வளரும். விழுந்த கல்லை வெட்டிப் பாருங்கள், வெங்காயம் போல அடுக்கடுக்காக இருக்கும். உயரமான ஊரில் அது உருகுவதற்குள் தரைக்கு வந்துவிடும்.

சரி, பழைய வரலாறு? பெரியவர்களிடம் கேளுங்கள். அப்புறம், பழைய தகரக் கூரைகளில் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். 2.5 செ.மீ. விட்டக் கல்லே கூரையைச் சேதப்படுத்தும்.