இயந்திரம் ஓய்கிறது, வரிசை வளர்கிறது

அன்புள்ள சார்,

உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்தித் திட்டமிடலில் இருக்கிறேன். காத்திருக்கும் வரிசைகளின் கணிதமான வரிசைக் கோட்பாடு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வரும் வேலை ஒவ்வொரு இயந்திரத்தின் திறனுக்குள்ளும் அடங்கி, கையில் வேலை இருக்கும்போது எதுவும் சும்மா நிற்காமல் இருந்தால் போதாதா? எதை முதலில் எடுப்பது என்பதற்குத் தனிக் கணிதம் எதற்கு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இயந்திரம் ஒன்றுதான் என்றால் நீங்கள் சொல்வது சரி. எதை முன்னால் எடுத்தாலும், மீதமிருக்கும் மொத்த வேலை நேரம் மாறாது. ஆனால் இயந்திரங்கள் பலவாகி, ஒரே பொருள் அவற்றுக்குத் திரும்பத் திரும்ப வந்தால் கதை வேறு. சிப் ஆலைகளில் ஒரே வேஃபர் (சிப்புகள் உருவாகும் சிலிக்கான் தகடு), அதன்மேல் ஒளியால் சுற்று வடிவங்களைப் பதிக்கும் லித்தோகிராஃபி இயந்திரத்துக்குப் பலமுறை வரும். இப்படிப்பட்ட ஆலைகளை ஆராய்ந்த லூ, பி.ஆர்.குமார் இருவரும் 1991இல் ஒரு உதாரணம் கொடுத்தார்கள். குமார் சென்னை ஐஐடியில் படித்தவர். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அது. காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

அ, ஆ என்று இரண்டு இயந்திரங்கள். பொருளுக்கு நான்கு கட்ட வேலை: முதலாவது அ-வில், இரண்டாவதும் மூன்றாவதும் ஆ-வில், நான்காவது மறுபடி அ-வில். சராசரியாக மணிக்கு ஒரு பொருள் வருகிறது. இரண்டாம், நான்காம் கட்டங்களுக்குத் தலா 40 நிமிடம். மற்றவை ஓரிரு நிமிடத்தில் முடியும். ஆக, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் மணிக்கு 42 நிமிடத்துக்கு மேல் வேலை இல்லை. தாராளமாக இடம் இருக்கிறது.

இப்போது முன்னுரிமை. அ-வில் நான்காம் கட்டத்துக்கு, ஆ-வில் இரண்டாம் கட்டத்துக்கு. அந்த வேலை வந்ததும் கையில் இருப்பதை நிறுத்திவிட்டு அதை எடுக்க வேண்டும். காலியான ஆலையில் தொடங்குவோம். அ நான்காம் கட்டத்தில் இருக்கும்வரை முதல் கட்டத்தைத் தொடாது, அதனால் ஆ-வுக்குப் புதிய இரண்டாம் கட்ட வேலை போகாது. ஆ இரண்டாம் கட்டத்தில் இருக்கும்வரை மூன்றாவதைத் தொடாது, அதனால் அ-வுக்கு நான்காம் கட்ட வேலை வராது. அதாவது இந்த இரண்டு கட்டங்களும் சேர்ந்து ஓடவே முடியாது. ஒன்று ஓடினால் மற்றது நிற்கும். இரண்டுக்கும் சேர்த்து மணிக்கு 80 நிமிடம் வேண்டும், மணிக்கு இருப்பதோ 60. வரிசை முடிவில்லாமல் வளர்கிறது. அதுவும் எந்த இயந்திரமும் வேலையை வைத்துக்கொண்டு ஒரு நொடிகூடச் சும்மா நிற்காமலேயே! இயந்திரவாரியாகக் கணக்குப் போட்டால் இந்த 80 கண்ணில் படாது.

ஆ-வில் மூன்றாம் கட்டத்தை முன்னே வைத்தால் போதும், எல்லாம் சீராகிவிடும். புது இயந்திரம் வாங்க வேண்டியதில்லை.

அப்புறம், வந்த வரிசையிலேயே எடுத்தால் ஆபத்தில்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். அந்த விதியும் தோற்கும் வலைப்பின்னல்களை, அதாவது இப்படி ஒன்றுக்கொன்று வேலை அனுப்பும் அமைப்புகளை, கணித அறிஞர் பிராம்சன் 1994இல் கட்டிக் காட்டினார். ரேடியோ வலைப்பின்னல்களுக்காக டாசியூலாஸ், எஃப்ரமிடிஸ் இருவரும் 1992இல் தந்த வழி எனக்கு அழகாகத் தெரிகிறது: இங்கே தேங்கியிருப்பதற்கும் அடுத்த இடத்தில் தேங்கியிருப்பதற்கும் எங்கே வித்தியாசம் அதிகமோ, அங்கே வேலையைத் தள்ளு. வேலை வரும் வேகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வேறு ஏதாவது ஒரு விதியால் சமாளிக்க முடியும் என்றால் இதாலும் முடியும். தாமதம் மிகக் குறைவாக இருக்கும் என்ற உத்தரவாதம் மட்டும் கிடையாது.

உங்கள் ஆலையில் ஒன்றை ஒன்று நிறுத்திவைக்கும் கட்டங்கள் எவை என்று பாருங்கள். அவற்றின் நிமிடங்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.