குழுவில் எல்லா வேலையும் என் தலையில்தானா? ஊக்குநர்களின் கேள்விகளுக்குப் பதில்

மகளிர் சுயஉதவிக் குழுக்களை நடத்தும் ஊக்குநர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு, ஊக்குநராக இருந்து இப்போது பயிற்சி கொடுத்துவரும் நம் மூத்த உறுப்பினர் பதில் சொல்கிறார்.

தருமபுரி ஊக்குநர்: வங்கி, கணக்கு, வசூல் எல்லாம் நான்தான் அக்கா. யாரும் முன்வருவதில்லை.

தருமபுரிக்காரரே இப்படிக் கேட்கலாமா? 1989இல் தமிழ்நாட்டின் மகளிர் குழுத் திட்டம் தொடங்கியதே உங்கள் மாவட்டத்தில்தான். ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள் என்று வைத்ததே வேலையைப் பிரித்துக்கொள்ளத்தான்.

"யார் செய்கிறீர்கள்?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லாரும் பாயைத்தான் பார்ப்பார்கள். பெயரைச் சொல்லிக் கேளுங்கள். முழு வேலையாகக் கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் இப்படி எழுதுங்கள்: "இந்த மாத வங்கி வேலை இரண்டாம் பிரதிநிதி பொறுப்பு. பத்தாம் தேதிக்குள் தவணை கட்டி, பாஸ் புத்தகத்தில் பதிந்து, அடுத்த கூட்டத்தில் வாசிக்க வேண்டும்." முதல் தடவை கூடப் போங்கள், ஆனால் சலானை அவர் எழுதட்டும். கவுன்டரில் இருப்பவர் பழக்கத்தில் உங்களைத்தான் கேட்பார். "அவரைக் கேளுங்கள் சார்" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் போய் உட்காருங்கள். அடுத்த மாதம் போகவே வேண்டாம்.

விழுப்புரம்: கணக்குப் புத்தகத்தை ஒருவரிடம் கொடுத்தேன். கூட்டல் தப்பாக வருகிறது. திரும்ப வாங்கிவிடட்டுமா?

கூட்டல் தப்பா, பணம் குறைகிறதா? முதலில் அதைப் பாருங்கள். கூட்டல் என்றால் அவரையே அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். இரவோடு இரவாக நீங்கள் சரிசெய்து வைத்தால், புத்தகம் மறுபடி உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது என்று பொருள். பணம் குறைந்தால் கதை வேறு. பணத்தை ஒருவரை மட்டும் நம்பி விடக்கூடாது, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வசூலைக் கூட்டத்திலேயே எண்ணி, கையிருப்பை எல்லார் காதிலும் விழ வாசித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

மதுரை: "இந்த ஆண்டு குழு முன்னேற வேண்டும்" என்று தீர்மானம் போட்டோம். ஒன்றும் நகரவில்லை.

எப்படி நகரும்? அது ஆசைதானே. வங்கி தரம் பார்ப்பது ஐந்து விஷயங்களை: ஒழுங்கான கூட்டம், ஒழுங்கான சேமிப்பு, குழுப் பணத்திலிருந்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் உள்கடன், தவறாத தவணை, அன்றன்றைக்கு எழுதிய கணக்கு. உங்கள் குழு எதில் நொண்டுகிறதோ அதை மட்டும் எடுங்கள். "செப்டம்பர் கடைசிக் கூட்டத்தில் தவணை பாக்கி ஒருவருக்கும் இருக்கக்கூடாது" என்றால் அது இலக்கு. எண்ணிப் பார்த்துவிடலாம்.

இலக்கு கண்ணில் படவும் வேண்டும். டெல்லி மெட்ரோ கட்டும்போது, அதன் நிர்வாக இயக்குநராக இருந்த ஸ்ரீதரன் பணியிடங்களில் இன்னும் எத்தனை நாள் என்று காட்டும் கடிகாரங்களை மாட்டி வைத்தார். நமக்குச் சுவரும் சுண்ணாம்புக் கட்டியும் போதும்.

தஞ்சாவூர்: எனக்கு 26 வயது. மாமியார் வயதில் இருப்பவரிடம் எப்படி வேலை சொல்வது?

வசூலைக் கொடுங்கள். "நீங்கள் கேட்டால் மறுக்கமாட்டார்கள் அம்மா" என்று சொல்லிக் கொடுங்கள், பொய்யும் இல்லை. அவர் ஒரு வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தால் தவணை உள்ளேயிருந்து தானாக வரும்.

சிவகங்கை: முறுக்கு போடுகிறோம். நான் இல்லாத நாளில் பதம் மாறிவிடுகிறது.

கைப்பக்குவம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை அடுப்பு உங்களை விடாது. மாவு, உளுந்து, வெண்ணெய், உப்பு எல்லாவற்றையும் ஒருமுறை தராசில் நிறுத்து, அந்த அளவை அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். நன்றாக வந்த ஈட்டில் நாலு முறுக்கைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு வையுங்கள், நிறம் அதுதான். வேகும்போது சலசலப்பு அடங்கினால் எடுக்க வேண்டும் என்பதை நீங்கள் வாயால் சொல்லாமல், பக்கத்தில் நிறுத்திக் கேட்கவையுங்கள். பிறகு ஓர் ஈடு கருகினாலும் கரண்டியைப் பிடுங்காதீர்கள். அது பயிற்சிச் செலவு.

சேலம்: தொடக்கத்திலிருந்து நானேதான் ஊக்குநர். மாற்ற வேண்டுமா?

மாற்றுங்கள். "அவர்களுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை" என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் குழுவை நினைத்துத்தான் கவலை. இரண்டு மாதம் புதியவர் நடத்த நீங்கள் பக்கத்தில் இருங்கள். தீர்மானம் போட்ட கையோடு வங்கியில் கையெழுத்தையும் மாற்றிவிடுங்கள். பலர் இதைத் தள்ளிப்போட்டு, கடன் வாங்கும் நாளில் பழைய ஊக்குநரைத் தேடி அலைகிறார்கள்.