விரல்கள் ஒத்துழைக்காவிட்டால் மேடைப் பியானோ கலைஞரின் தொழில் அத்துடன் முடிந்ததா?

முடிந்துவிடாது. ஆனால் "மனம் வைத்தால் மலையையும் நகர்த்தலாம்" என்ற ரகப் பதில் வேண்டுமென்றால் வாட்ஸப்பில் தேடுங்கள், இங்கே கிடைக்காது.

பொது அறிவுக்காக யாரும் இப்படிக் கேட்பதில்லை. உங்கள் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே மடங்குகின்றன, வலி இல்லை, ஆசிரியரிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. சரிதானே? இல்லையென்றால் மீதியைப் படிக்க வேண்டாம்.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் இழுக்கும் பெயர் அமெரிக்கப் பியானோ கலைஞர் லியான் ஃபிளைஷர். 1928இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். சிறு வயதிலேயே ஆர்தர் ஷ்னாபெலிடம் சேர்ந்தார். ஷ்னாபெலின் குரு லெஷெட்டிட்ஸ்கி, அவருடைய குரு செர்னி, செர்னியின் குரு பேத்தோவன். பரம்பரை அப்படி. 16 வயதில் கார்னகி ஹாலில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குடன் வாசித்தார். 1952இல் பிரசெல்ஸின் குயின் எலிசபெத் போட்டியில் முதல் பரிசு பெற்றார். ஜார்ஜ் செல் நடத்த, கிளீவ்லாந்து இசைக்குழுவுடன் அவர் பதிவுசெய்த பேத்தோவன் கான்செர்ட்டோக்களை (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) இன்றும் தேடிக் கேட்கிறார்கள். 1964இல், 36 வயதில், வலது கையின் அந்த இரண்டு விரல்கள் சொல் பேச்சுக் கேட்காமல் போயின. மருத்துவத்தில் இதன் பெயர் ஃபோகல் டிஸ்டோனியா.

அவர் என்ன செய்தார்? பயிற்சியைக் கூட்டினார். நிலைமை மோசமானது. விடாமுயற்சிக் கதை சொல்பவர்கள் இந்த இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள். மேடை போனது, மனமுறிவு வந்தது, தாடி வளர்த்தார், குடுமி போட்டார், வெஸ்பா ஸ்கூட்டர் வாங்கினார். பிறகு பால்டிமோரின் பீபடி இசைக் கல்லூரியில் மாணவர்களை உருவாக்கினார், இசைக்குழுக்களை நடத்தினார், இடது கைக்கென்றே எழுதப்பட்டவற்றை வாசித்தார். முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கன்ஸ்டைனுக்காக பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் எழுதிய கான்செர்ட்டோ அவற்றில் முதன்மையானது. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், ஒற்றைக் கை என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள்.

"2004இல் இரண்டு கையாலும் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டாரே" என்று கிளம்புவீர்கள். வெளியிட்டார். தசைகளைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசியும் உடலை ஆழமாகப் பிடித்துவிடும் சிகிச்சையும் கை கொடுத்தன. அந்த ஊசியின் வேகம் சில மாதங்களில் அடங்கிவிடும், மீண்டும் போட வேண்டும். குணமாகிவிட்டது என்று அவரே சொல்லிக்கொண்டதில்லை. 2020இல் காலமானார்.

இவ்வளவு தெரிந்து வைத்திருப்பதற்குக் காரணம், எனக்கும் அதே இரண்டு விரல்கள்தான். நான் மேடைக் கலைஞன் இல்லை, சென்னையில் பிள்ளைகளுக்குக் கிரேடு தேர்வுப் பாடம் எடுப்பவன். (ஃபிளைஷரோடு ஒப்பிட்டுக்கொள்கிறான் என்று எழுத வருபவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.) ஸி மேஜர் ஸ்கேலில் (ஸ்வரங்களை வரிசையாக ஏற்றி வாசிப்பது) கட்டை விரல் உள்ளே போய் எஃப் கட்டையைத் தொடும், அடுத்த இரண்டு கட்டைகளும் ஒழுங்காக விழும், பி வந்ததும் மோதிர விரல் கட்டையைத் தொடாமலே சுருண்டுகொள்ளும். சுண்டு விரலும் கூடவே போகும். அதே கையால் ஊசியில் நூல் கோர்ப்பேன், சட்டைப் பொத்தான் போடுவேன், ஒரு குறையும் இருக்காது. மெல்லிய ரப்பர் கையுறை போட்டு வாசித்தால் கொஞ்ச நேரம் விரல் அடங்கி நடந்தது. தொடு உணர்ச்சி மாறினால் மூளை சற்று ஏமாறுமாம். கோளாறு விரலில் இல்லை, விரலை ஆட்டுவிக்கும் மூளைப் பகுதியில். முதலில் பார்த்த மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார், பி காம்ப்ளெக்ஸ் எழுதினார், "டென்ஷனைக் குறையுங்கள்" என்றார். டென்ஷன் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

டென்ஷன் என்றதும் எங்கள் குடியிருப்புச் சங்கம் நினைவுக்கு வருகிறது. என் பியானோ இருநூறு கிலோவுக்கு மேல். லிஃப்ட் தாங்காது என்று படியில் தூக்க வைத்தார்கள். அடுத்த வாரமே அதே லிஃப்டில் செயலாளர் வீட்டுச் சமையலறைக்கு கிரானைட் பலகைகள் ஏறின. மாலை ஆறு மணிக்கு ஸ்கேல் வாசித்தால் இரைச்சலாம். காலை ஏழு மணிக்கு கிரானைட் அறுத்தால் அது வீட்டு வேலையாம். போகட்டும்.

நான் மருத்துவன் இல்லை. ஆனால் வலி இருந்தால் அது பெரும்பாலும் தசைநார் விவகாரம், ஓய்வு கொடுத்துப் பாருங்கள். வலி இல்லாமல், வாசிக்கும்போது மட்டும் விரல் மடங்கினால் எலும்பு மருத்துவரிடம் அலையாதீர்கள். அசைவுக் கோளாறுகளைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரைத் தேடுங்கள். போகும்போது நீங்கள் வாசிப்பதை மேலிருந்து வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், ஏனென்றால் அவர் மேஜையில் கையை நீட்டச் சொன்னால் அந்த இரண்டு விரல்களும் சமர்த்தாக நீட்டிக்கொண்டிருக்கும்.