தோப்பை விற்று வாங்கும் டாக்டர் சீட் வேண்டாம்

மகளை அடுத்து என்ன படிக்க வைப்பது என்று கேட்டு, கடலூர் செம்மண்டலத்திலிருந்து ஒரு தாயார் எனக்கு வாட்ஸ்அப்பில் நீளமாகப் பேசி அனுப்பியிருந்தார். மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்துவிட்டாள், பயோ-மேத்ஸ். நீட்டில் அரசு இடம் கிடைக்கிற மார்க் வரவில்லை. கணவரின் அண்ணன் வீட்டுக்கு வந்து, "ஒரு வருஷம் ரிப்பீட் போடட்டும். அதுவும் வரலைன்னா டீம்டு யுனிவர்சிட்டில சேத்துடலாம். பண்ருட்டி தோப்பு சும்மாதானே கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவக் கல்லூரி பஸ்ஸைப் பார்த்தாலே தனக்கு நெஞ்சடைக்கிறது என்கிறார் அந்தத் தாயார். கடைசியில் போகிற போக்கில் ஒரு புகார்: "ஃபெஞ்சல் புயல்ல வீட்டுக்குள்ள தண்ணி வந்து தாத்தாவோட பத்திரம், கணக்கு நோட்டெல்லாம் ஊறிப் போச்சு சார். பரீட்சைக்குப் படிக்கிற பொண்ணு அதை ஒவ்வொரு தாளா பிரிச்சுக் காய வெச்சிட்டு உக்காந்திருந்தா."

அம்மா, பொதுவாக இந்த இடத்தில் "கவலைப்படாதீர்கள்" என்று தொடங்குவேன். இந்த முறை கவலைப்படச் சொல்கிறேன். தோப்பை நினைத்துக் கவலைப்படுங்கள்.

2025-ல் நீட் எழுதியவர்கள் 22 லட்சத்துக்கு மேல். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் 1 லட்சத்துச் சொச்சம். அதிலும் ஒரு பெரிய பங்கு தனியார் கையில். டீம்டு பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கட்டணமே பல இடங்களில் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. ஹாஸ்டல், புத்தகம், மற்றவை தனி. நாலரை வருடப் படிப்பு முடித்து, ஒரு வருடம் பயிற்சி மருத்துவராக இருந்து வெளியே வந்ததும் அதே பெரியப்பா "பி.ஜி. பண்ணாம என்ன டாக்டர்?" என்று கேட்பார். அப்போது விற்க இன்னொரு தோப்பு இருக்காது. ரிப்பீட் போடுவதை நான் அடியோடு மறுப்பவன் அல்ல. டாக்டராகத்தான் ஆவேன் என்று பிள்ளை தானாகக் கேட்டால் ஒரு வருடம் கொடுக்கலாம். நீங்கள் பேசிய அத்தனை நேரத்தில் மகள் கேட்டாள் என்று ஒரு இடத்திலும் வரவில்லை. மாமா கேட்டார், பெரியப்பா கேட்டார், எதிர்வீட்டு அக்கா கேட்டார்.

இன்ஜினீயரிங், நர்சிங், பி.காம். பற்றியெல்லாம் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் அந்த நனைந்த நோட்டுக்கு வருகிறேன்.

நனைந்த தாளில் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். நம்மில் பெரும்பாலானோர் வெயிலில் போட்டுவிடுவோம். தாள் அப்பளமாகச் சுருண்டு, மையும் வெளுத்துப்போகும். உங்கள் மகள் தாளுக்குத் தாள் வெள்ளைக் காகிதம் வைத்து, ஈரம் ஏற ஏற அதை மாற்றி, நிழலில் ஃபேன் காற்றில் உலர்த்தியதாகச் சொன்னீர்கள். பேப்பர்காரரிடம் அச்சடிக்காத தாள் கேட்டு வாங்கி வந்தாளாம், செய்தித்தாள் மை ஒட்டிக்கொள்ளும் என்று. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவள் செய்ததைத்தான் ஆவணக் காப்பகங்களில் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறார்கள். ஓலைச்சுவடி, பழைய நூல், ஓவியம், செப்புத் திருமேனி ஆகியவற்றைப் பாதுகாத்துச் செப்பனிடும் வேலை அது; கன்சர்வேஷன் என்பார்கள்.

உங்கள் வீட்டிலிருந்து அரை மணிக்குச் சற்றுக் கூடுதலான பஸ் தூரத்தில், புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில், 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயில்கள், மடங்கள், குருக்கள் வீடுகளிலிருந்து திரட்டிய சைவச் சுவடிகள் அங்கே இருக்கின்றன. அதே ஊரிலுள்ள இன்னொரு பிரெஞ்சு ஆய்வு மையத்தின் சுவடிகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 11,000. யுனெஸ்கோ 2005-ல் இவற்றை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலானவை, தமிழ்நாட்டில் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் உள்ள பனையோலைகள். கடற்கரை ஊரின் ஈரக்காற்று ஒரு பக்கம், ராமபாணப் பூச்சி ஒரு பக்கம். இதே புதுச்சேரியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆவண மையமும், 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலன் நூலகமும் உண்டு. ஜிப்மர் பஸ்ஸை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இவை கண்ணில் படாது.

வேலை எப்படி இருக்கும்? சுவடிக் கட்டின் கயிற்றை அவிழ்த்து, மென்மையான பிரஷ்ஷால் ஏடு ஏடாகத் தூசி தட்ட வேண்டும். எழுத்தாணியால் கீறிய எழுத்து மங்கியிருந்தால் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைப்பார்கள்; கீறல்களில் மட்டும் கருமை தங்கி, எழுத்து எழுந்து நிற்கும். எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசினால் காய்ந்த ஓலைக்குக் கொஞ்சம் வளையும் தன்மை திரும்பும், பூச்சியும் அண்டாது. காகிதம் வேறு கதை. தாளில் ஊறிய அமிலம்தான் அதைப் பழுப்பாக்கி நொறுக்குகிறது. முதலில் மை நீரில் கரைகிறதா என்று ஒரு ஓரத்தில் சொட்டு வைத்துப் பார்த்து, பிறகு நீர்த்த சுண்ணாம்புக் கரைசலில் அமிலத்தை முறிக்கிறார்கள். கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும். நாளைக்கு இன்னொருவர் வந்து தண்ணீர் வைத்தால் அந்த ஒட்டு பிரிந்து வர வேண்டும், தாளுக்குச் சேதம் இருக்கக் கூடாது. அது இந்தத் தொழிலின் கட்டளை. (பீரோவில் பத்திரத்துக்கு செலோடேப் ஒட்டி வைத்திருப்பவர்கள் இனியாவது நிறுத்துங்கள்.)

இதில் முக்கால்வாசி கெமிஸ்ட்ரி. ஆகவே கடலூர் பெரியார் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் போதும்; தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலைக்கு டியூஷன் ஃபீஸ் கிடையாது. பட்டம் முடிந்த பிறகு வழிகள் பிரியும். 1989-ல் தேசிய அருங்காட்சியக நிறுவனமாகத் தொடங்கி இப்போது நொய்டாவில் இந்திய மரபு நிறுவனமாக இயங்கும் இடத்தில் கன்சர்வேஷனில் எம்.ஏ. இருக்கிறது. லக்னோவில் பண்பாட்டுச் சொத்துகளைப் பாதுகாப்பதற்கான மத்திய அரசின் ஆய்வகம் பயிற்சி தருகிறது. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் சில வாரக் குறுகிய படிப்புகள் உண்டு. சுவடியில் உள்ளதைப் படிக்கவும் ஆசை வந்தால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை. உலோகம் பிடித்தால், எழும்பூர் அருங்காட்சியகம் 1930களிலேயே வேதியியல் ஆய்வகம் வைத்துச் செப்புத் திருமேனிகளைத் தேற்றிய இடம்.

சம்பளம் பற்றிப் பூசி மெழுக மாட்டேன். நிரந்தர அரசுப் பணியிடங்கள் குறைவு. தொடக்கத்தில் சில வருடம் திட்டத்துக்குத் திட்டம் ஒப்பந்த வேலைதான், கையில் வருவது சொற்பம். கார் லோன் போடும் வயசு தள்ளிப்போகும். பக்கத்திலேயே கெமிஸ்ட்ரி பட்டம் இருப்பதால் பி.எட்., மருந்து கம்பெனி, போட்டித் தேர்வு என்று எந்தப் பக்கமும் திரும்பலாம். கடன் இல்லாத பெண்ணுக்குத்தான் அப்படித் திரும்ப முடியும். சொந்தக்காரர்களிடம் "ஓலைக்கு டாக்டர்" என்று சொல்லிச் சமாளிக்காதீர்கள். டாக்டர் என்ற வார்த்தை இல்லாமல் அவள் தொழிலைச் சொல்ல நீங்கள் பழக வேண்டும்.

நான் சொன்னேன் என்பதற்காக இதிலும் அவளைத் தள்ளக் கூடாது. ஒரு சனிக்கிழமை முழுக்க ஒரே நோட்டைத் துடைத்து, முடிவில் பத்துத் தாள்தான் ஆயிற்று என்றால் அவளுக்கு எரிச்சல் வருகிறதா பாருங்கள். எரிச்சல் வந்தால் விட்டுவிடலாம். கல்லூரியில் காலியிடம் இருக்கிறதா என்று இந்த வாரமே நேரில் போய்க் கேளுங்கள், போனில் சரியாகச் சொல்ல மாட்டார்கள். தோப்புக்கு யாரிடமாவது அட்வான்ஸ் வாங்கியிருந்தால் அக்ரிமெண்ட் போடுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் மகளை அழைத்து வாருங்கள். அவளிடம் தனியாகப் பேச வேண்டும், நீங்கள் வெளியே உட்கார வேண்டியிருக்கும். பெரியப்பா வர வேண்டாம்.